சம்பள ஊரில் ஒரு விற்பனைத் தொழில்

புணே நகரின் வடபாகத்தில், மூளா ஆற்றை அடுத்துக் கட்கி என்னும் ஊர் அமைந்திருக்கிறது. ஆங்கிலேயர் தம் நாவுக்கு இசைந்தவாறு அதனைக் 'கிர்க்கி' என்று வழங்கினர். 1817-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சேனைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் இவ்வூர் வெளியிலேயே போர் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில் பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்றது. ஆட்சி மாறிய பின்னும் படை இவ்விடத்தை விட்டு அகலவில்லை. பாளையம் கன்டோன்மென்டாக வளர்ந்தது. 1858-இல் கண்டாலாவிலிருந்து புணே வரை இடப்பட்ட இருப்புப்பாதை கட்கி வழியாகவே சென்றது. 1869-இல் படைக்குத் தோட்டாக்கள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை இங்கே தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-இல், வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் அதனோடு சேர்ந்தது.

இத்தகைய ஊரின் இயல்பை வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆலைச் சங்கு ஊதும் வேளையில் தெரு நிறையும். மாதத்தின் முதல் வாரத்தில் கடைத்தெரு களைகட்டும். குவார்ட்டர்ஸ் வரிசைகளில் பல மொழிகள் ஒலிக்கும். தமிழகத்திலிருந்து படையோடும் ஆலையோடும் அலுவலகங்களோடும் வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் நாடி வந்தது நிலையான சம்பளத்தை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாமும் அவ்வகையினரே. நாம் செய்யும் வேலையை வாங்கிக்கொள்ள யாரேனும் வருவார்களா என்று நாம் ஒரு நாளும் வாயிலில் நின்று பார்த்ததில்லை. செய்ததை விற்கும் கவலை இல்லாத வாழ்வு அது.

இன்று அதே வீடுகளிலிருந்து வேறொரு தொழில் புறப்படுவதைக் காண்கிறோம். கணிப்பொறி கற்ற இளைஞர் இருவர் அல்லது மூவர் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பிறருடைய கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலை மேற்கொள்கின்றனர். இதனை வெப் டிசைன் என்று வழக்கில் சொல்லுகிறோம். இத்தொழிலுக்கு வேண்டிய கருவிகள் குறைவு, முதலும் குறைவு. கைத்திறன் ஓராண்டு இரண்டாண்டுகளில் வந்துவிடும். ஆயினும் தொடங்கியவர்களுள் பலர் கைத்திறன் குறையால் தளர்வதில்லை. செய்ததை விற்கத் தெரியாமலும், விற்றதற்குப் பணம் வாங்கத் தெரியாமலுமே தளர்கின்றனர். சம்பள வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பாடம் எங்கே கிடைக்கும் என்று ஆராயுமிடத்து, கட்கியிலேயே அதற்கு ஓர் ஏடு விரிந்து கிடக்கிறது. இவ்வூரில் இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் சாலை என்று ஒரு சாலை உண்டு. 1946-இல் தோன்றிய கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனத்தின் முகவரி அந்தச் சாலையே. தமிழ்நாட்டுக் கிணற்றுமேட்டில் நின்று தண்ணீர் இறைத்த எண்ணெய் இன்ஜினின் பெயராகக் கிர்லோஸ்கர் என்னும் சொல்லை நம் உழவர்கள் நன்கறிவர். ஆனால் அப்பெயருக்குரியவர் தம் முதல் சரக்கை விற்கப் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869-இல் பிறந்தவர். கட்கியின் தோட்டா ஆலைக்கும் அவருக்கும் வயது ஒன்றே. பம்பாயில் தொழிற்கல்வி நிலையத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1888-இல் பெல்காமில் தொடங்கிய சைக்கிள் கடையிலிருந்து தம் குடும்பத் தொழிலை வளர்த்தார். பின்னர் இரும்புக் கலப்பை செய்யத் துணிந்தார். கலப்பை நன்றாகவே இருந்தது. ஆனால் இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று உழவர்கள் அஞ்சினர். முதலில் செய்த ஆறு கலப்பைகளை விற்று முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின என்று அக்குடும்பத்தின் வரலாறு கூறுகிறது. பெல்காமில் இடம் இழந்தபோது ஔந்து சமஸ்தானத்து அரசர் நிலம் தந்து உதவினார். 1910-இல் அங்கே கிர்லோஸ்கர்வாடி என்னும் தொழில் ஊர் எழுந்தது.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி அடுத்து வருவது. 1920-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த சங்கர்ராவ் கிர்லோஸ்கர் 'கிர்லோஸ்கர் கபர்' என்னும் மராத்தி ஏட்டைத் தொடங்கினார். ஆலையில் செய்யப்படும் பொருள்களைப் பற்றி வாங்குவோருக்குச் செய்தி சொல்லவே அது பிறந்தது. நாளடைவில் அது வீட்டில் உள்ளோர் அனைவரும் படிக்கும் திங்கள் இதழாயிற்று. கலப்பையைப் பாராட்டும் விளம்பரத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் அதனை யார் பாதுகாத்து வைப்பார்? படிப்பவனுக்குப் பயன்படும் செய்தியைத் தந்தமையால் ஏடு வீட்டுக்குள் நுழைந்தது. ஏட்டின் பின்னே பெயரும் நுழைந்தது. இக்காலத்தில் ஒரு நல்ல இணையதளம் செய்யும் வேலை இதுவே. கருவி வேறு, காலம் வேறு. வாங்குவோனின் ஐயத்தைப் போக்கி நம்பிக்கையை வளர்க்கும் முறை மாறவில்லை.

கிர்லோஸ்கர் தம் சரக்குக்குத் தாமே ஏடு நடத்தினார். அவ்வளவு வசதி இல்லாத வணிகன் என் செய்வான்? அவன் தன் பொருளுக்கு ஒரு முகம் வரைந்து தருமாறு பிறரை நாடுவான். பிறர் பொருளுக்கு முகம் வரைந்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் ஊர் தமிழகத்தில் உண்டு. அது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். எழுத்தறியாதவன் கடைக்கு வந்து படத்தின் பெயரைச் சொல்லியே பெட்டி கேட்பான். ஆகவே சீட்டில் உள்ள படமே சரக்கின் பெயராயிற்று. அச்சீட்டுகளை வெளியூரிலிருந்து வரவழைப்பதை விடுத்து ஊரிலேயே அச்சிடத் தொடங்கினர். சீட்டு அச்சிட வந்த இயந்திரம் பின்னர் நாட்காட்டியும் அச்சிட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிவகாசிக்கு அச்சு வேலை வந்தது.

சிவகாசி அச்சுக்கூடத்தின் வாடிக்கையாளர் படத்தின் அழகை மட்டும் பார்த்து வேலை கொடுத்தாரில்லை. சொன்ன நாளில் சரக்கு வருமா, சென்ற ஆண்டின் அதே வண்ணம் இந்த ஆண்டும் வருமா, தம் சீட்டை ஒத்த சீட்டு போட்டியாளனுக்குப் போய்விடாதா என்பனவே அவர்தம் கவலைகள். இவற்றுக்கு விடை சொல்ல வல்லவன் நிலைத்தான். இணையதளம் அமைப்போரிடம் இன்று வரும் வாடிக்கையாளரும், சொற்கள் மாறினாலும், இந்த மூன்று கேள்விகளையே கேட்கிறார்.

இனி இணையதளத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஜினீவா நகரை அடுத்த செர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, ஆராய்ச்சியாளர்கள் தம் குறிப்புகளைத் தொடுத்துப் படிக்கும் ஒரு முறையை 1989-இல் முன்மொழிந்தார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அந்நிலையம் அம்முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் வாயிலாகத் திறக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகச் சுழற்றிப் பெறும் அந்த இணைப்பில் ஒரு படம் திரையில் விரிவதற்குள் ஒரு குவளைத் தேநீரை அருந்தி முடிக்கலாம்.

இப்புதிய கலையில் ஒரு சிறப்பு இருந்தது. தச்சனும் தட்டானும் தம் நுட்பத்தைக் குலத்துக்குள் காத்தனர். அச்சுக்கூடத்தில் சேர இயந்திரம் வாங்கும் முதல் வேண்டியிருந்தது. இணையப் பக்கமோ தன் உள்ளமைப்பை ஒளிக்கவில்லை. திரையில் தெரியும் எந்தப் பக்கத்தின் குறிமொழியையும் ஒரு சொடுக்கில் திறந்து பார்க்கலாம். பிறர் கட்டிய வீட்டின் சுவரைத் திறந்து உள்ளே செங்கல் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்ப்பது போன்றது அது. 1990-களின் பிற்பகுதியில் இத்தொழிலைக் கற்ற இளைஞர்களுள் மிகப் பலர் அவ்வாறு பார்த்தே கற்றனர்.

புணே இதற்கு ஏற்ற களமாக இருந்தது. 1988-இல் சி-டாக் என்னும் உயர்கணிப்பு வளர்ச்சி மையம் இந்நகரில் நிறுவப்பட்டது. 1991-இல் அம்மையம் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியைச் செய்து காட்டியது. மென்பொருள் ஏற்றுமதிக்காக மத்திய அரசு அமைத்த முதல் தொழில்நுட்பப் பூங்காக்களுள் ஒன்று புணேக்கு வாய்த்தது. 1990-இல் பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் இங்கே தொடங்கப்பட்டது. பின்னர் ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்ப வளாகம் விரிந்தது. பெரிய கம்பெனிகள் பெரிய வேலையை அயல்நாடுகளுக்குச் செய்தன. பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்குப் பக்கம் அமைக்கும் வேலை அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த இடைவெளியிலேயே சிறு கடைக்காரன் புகுந்தான்.

சிறியதாகத் தொடங்கிப் பெயர் பெற்ற ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். பம்பாயில் ராஜேஷ் ஜெயின் என்பவர் 1995 மார்ச்சில் இந்தியாவேர்ல்டு என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். அயல்நாட்டில் வாழும் இந்தியருக்குத் தாய்நாட்டுச் செய்தி தருவது அதன் நோக்கம். செய்தியால் வரும் வருவாய் போதாத நாள்களில், இந்தியக் கம்பெனிகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் பணியும் அதற்குக் கைகொடுத்தது. 1999 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு அதனை வாங்க இசைந்தபோது நாடே வியந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணையக் கம்பெனிகளின் விலை சரியத் தொடங்கியது. வியப்பைக் கண்டு தொழிலில் இறங்கியோர் அச்சரிவில் கலைந்தனர். மருந்துக் கடைக்கும் பள்ளிக்கும் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தோர்க்குச் சந்தை விலையால் ஊதியமும் இல்லை, பெரும் இழப்பும் இல்லை.

ஆனால் வேறொரு சோதனை அவர்களுக்குக் காத்திருந்தது. 2003 மே மாதத்தில் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருள் வெளியாயிற்று. குறிமொழி அறியாதவரும் தாமே பக்கம் அமைத்து எழுத அது வழி செய்தது. அதற்கு விலையும் இல்லை. இன்று உலகில் உள்ள இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதன்மீதே இயங்குகின்றன. 2006-இல் விக்ஸ் போன்ற நிறுவனங்கள் தோன்றி, படங்களை இழுத்து வைத்தாலே பக்கம் அமையும் வசதியைத் தந்தன. 2010-க்குப் பின் கைப்பேசியின் சிறிய திரைக்கும் பொருந்துமாறு பக்கத்தை அமைக்கும் முறை வந்தது. 2016 முதல் மலிவான இணைப்புக் கிடைத்தபின் இந்நாட்டில் பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே இணையத்தின் வாயிலாயிற்று. இப்பொழுதோ சொல்லால் கேட்டாலே பக்கத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன.

ஒவ்வொரு முறையும், 'இனி இத்தொழில் இல்லை' என்ற பேச்சு எழுந்தது. ஒவ்வொரு முறையும் கைத்திறனின் விலை வீழ்ந்தது உண்மையே. ஒரு பக்கம் அமைக்க முன்னர் ஒரு வாரம் ஆயிற்று. இன்று ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு வார உழைப்பை மட்டும் விற்றவனுக்கு வாழ்வு சுருங்கியது. தொழில் அழியாமைக்குக் காரணம் யாது? மருந்துக் கடைக்காரருக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம். அதனை இயக்க நேரம் கிடைப்பதில்லை. தம் கடையைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுப்பது என்று அவரால் தீர்மானிக்க முடிவதில்லை. நள்ளிரவில் பக்கம் திறக்காமற்போனால் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. அழைத்த குரலுக்கு விடை சொல்லும் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான் என்பதே சிறு கடையின் உண்மையான சரக்கு.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இணையதளம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் வரைவன்று, வாசகமே. வாடிக்கையாளர் தருவதாகச் சொன்ன எழுத்து வந்து சேராது. வந்தாலும் வேறொருவர் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். 'தரமான சேவையே எங்கள் குறிக்கோள்' என்று எல்லாக் கடைகளும் எழுதிக்கொண்டால் எந்தக் கடைக்கும் அது பயன்படாது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த மருத்துவர் எந்த நாளில் வருவார், பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்பனவற்றைக் கேட்டு, தெளிவாக எழுதி, மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வேண்டின் தமிழிலும் தருபவன் போட்டியின்றி நிற்பான். வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று நான்கு மொழிகள் இயல்பாக வரும். அதனை முதலாகக் கொள்ள வேண்டும் என்று அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

தமிழைத் திரையில் எழுதுவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்தது. ஒரு பக்கத்தின் எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லையெனில் தமிழ் தோன்ற வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் பொதுக் குறியீடுகளும் வகுக்கப்பட்டன. அதே காலத்தில் உலக மொழிகள் அனைத்துக்கும் உரிய யூனிகோடு முறை வளர்ந்துவந்தது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது.

இதில் கட்கி வாழ் தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. யூனிகோடில் இந்திய எழுத்துகளை வரிசைப்படுத்திய முறைக்கு இஸ்கி என்னும் இந்தியக் குறியீடே அடிப்படை. இந்திய மொழிகளைக் கணிப்பொறியில் ஏற்றும் ஜிஸ்ட் என்னும் ஆராய்ச்சி கான்பூரில் தொடங்கி, பின்னர்ப் புணேயின் சி-டாக் மையத்தில் வளர்ந்தது. ஆகவே நம் மொழி கணிப்பொறித் திரைக்கு வந்த நெடும்பாதையில் ஒரு பகுதி, கட்கிக்கு மிக அண்மையிலேயே இடப்பட்டது எனலாம். இன்று '.இந்தியா' என்று தமிழெழுத்திலேயே முடியும் முகவரியைக்கூட ஒரு கடைக்காரர் பெறலாம்.

இனி விற்பனைக்கும் உடன்படிக்கைக்கும் வருவோம். ஓர் இணையதளத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது பெயர், அதனை டொமைன் என்பர். இரண்டாவது பக்கங்களை வைத்துக்கொள்ள வாடகைக்குப் பெறும் இடம், அது ஹோஸ்டிங். மூன்றாவது பக்கங்களே. கடைக்கு ஒப்பிட்டால் பெயர்ப்பலகை, வாடகை இடம், உள்ளே அடுக்கிய சரக்கு என்று கொள்ளலாம். பெயரையும் இடத்தையும் குறித்த காலத்துக்கொரு முறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2005 சனவரி முதல் '.இன்' என்னும் இந்தியப் பெயர்களும் எவரும் எளிதில் பெறத்தக்கனவாயின.

பெயரை யார் பேரில் பதிவது என்பதில்தான் சச்சரவுகள் மிகுதி. அமைத்துக் கொடுப்பவன் தன் பேரில் பதிந்துகொண்டால் வாடிக்கையாளர் தன்னை விட்டு விலக மாட்டார் என்று சிலர் கருதுகின்றனர். இது பிறர் கடைப் பலகையைத் தன் வீட்டில் பூட்டி வைப்பதற்கு ஒப்பு. அவ்வாறு பிடித்து வைக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒரு நாள் உண்மையை அறிவார். அறிந்த அன்றே தெருவெல்லாம் சொல்வார். கன்டோன்மென்ட் ஊரில் செய்தி பரவும் வேகத்தை நாம் அறிவோம். பெயர் வாடிக்கையாளர் பேரிலேயே இருக்கட்டும்; கடவுச்சொல் எழுதி முத்திரையிட்ட உறை அவர் பெட்டியிலேயே இருக்கட்டும். விலக வழி இருந்தும் விலகாதவரே உண்மையான வாடிக்கையாளர்.

உழைப்பின் உரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகக் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். பணம் வாங்கிவிட்டதனாலேயே எல்லா உரிமையும் கைம்மாறிவிட்டதாக எண்ணுவதும், தான் எழுதிய நிரல் என்பதனாலேயே வாடிக்கையாளரின் பக்கத்தை நிறுத்தி வைப்பதும் வழக்குக்கே வழி வகுக்கும். எத்தனை பக்கங்கள், எத்தனை திருத்தங்கள், எந்நாளில் முடிவு, யாருக்கு எந்த உரிமை என்பனவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நட்புக்கு இழுக்கன்று. தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விட்ட வேலைகளே பெரும்பாலும் மனக்கசப்பில் முடிகின்றன.

பணம் வாங்குவதிலும் முறை உண்டு. தொடக்கத்தில் ஒரு பகுதி, வரைவைக் கண்டு இசைந்தபின் ஒரு பகுதி, முடிவில் எஞ்சியது என்று மூன்றாகப் பெறுவது இத்தொழிலில் நல்ல வழக்கம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலினரிடம் சரக்கோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தல் வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. 2020 சூலை முதல் உத்யம் என்னும் பதிவு முறை நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை. தொழில் தொடங்கும் நாளிலேயே செய்துகொள்ளத் தக்கது அது.

வரியையும் மறக்கலாகாது. 2017 சூலை முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியில், சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சில சிறப்பு மாநிலங்களில் இவ்வரம்பு இன்னும் குறைவு. இணையதளம் அமைக்கும் சேவைக்கு வரி 100-க்கு 18. விலை பேசும்போதே வரி உள்ளடங்கியதா புறம்பானதா என்று சொல்லாதவன், வரம்பைத் தாண்டும் ஆண்டில் அந்த வரியைத் தன் ஊதியத்திலிருந்தே கட்ட நேரிடும்.

முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது? கிர்லோஸ்கர் கலப்பையை உழவனிடம் கொண்டு சென்றார். உழவன் பட்டறைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. சம்பள வீட்டுப் பிள்ளைக்கு இதுவே கடினமான படி. விண்ணப்பம் எழுதிவிட்டு ஆணை வரக் காத்திருப்பது நம் குடும்பங்களின் பழக்கம். கடை கடையாக ஏறிக் கேட்பதை இழிவெனக் கருதும் மனம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதனை விடுத்து, தெருவில் ஏற்கெனவே நன்றாக நடக்கும் பயிற்சிக் கூடம், மெஸ், பல் மருத்துவமனை, பட்டறை ஆகியவற்றுள் ஐந்தினைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்கு இப்பொழுது எங்கே நேரமும் பணமும் விரயமாகின்றன என்று கேட்டறிவது பயன் தரும். தொலைபேசியில் ஒரே கேள்விக்கு நாளெல்லாம் விடை சொல்லி அலுத்த மருத்துவமனைக்கு, அவ்விடையைத் தாங்கிய ஒரு பக்கம் எவ்வளவு பெறும் என்பது கேட்டவுடன் விளங்கும். பக்கத்தின் அழகை விற்கப் போனால் அவர் விலை கேட்பார். அலுப்பைப் போக்குவதாகச் சொன்னால் நாள் கேட்பார்.

அமைத்துக் கொடுத்ததோடு உறவு முடியலாகாது. ஆண்டுதோறும் பெயரைப் புதுப்பித்தல், மென்பொருளைப் பாதுகாப்பாக வைத்தல், மாறிய செய்தியை மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஒரு சிறு ஆண்டுக் கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும். இருபது வாடிக்கையாளர் அவ்வாறு இசைந்தால் அறை வாடகையும் மின் கட்டணமும் கவலையின்றிக் கழியும். சம்பள வீட்டில் வளர்ந்த நமக்கு மிகவும் பிடித்தமான நிலையான வருவாய், இத்தொழிலில் இந்த வழியாகவே வந்து சேரும்.

இத்தனையும் நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை நிர்வகித்துவந்த வாரியம் கலைக்கப்பட்டு, அத்தொழிற்சாலைகள் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. கட்கியின் தோட்டா ஆலையும் வெடிமருந்து ஆலையும் புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் வந்தன. ஒன்றரை நூற்றாண்டு அரசாங்கத் துறையாக இருந்த ஆலையும் இன்று ஒரு கம்பெனி. ஆர்டர் தேடுவதும் கணக்குக் காட்டுவதும் அதற்கும் கடமையாயின. ஆலை வாயிலில் தந்தைக்குக் கிடைத்த இடம் மகனுக்கும் கிடைக்கும் என்று எண்ணியிருந்த குடும்பங்களுக்கு இம்மாற்றம் எளிதன்று.

ஆகவே, நம் வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இத்தகைய சிறுதொழிலில் இறங்க விரும்பினால், 'நிலையான வேலை கிடைக்கும்வரை இது இருக்கட்டும்' என்று நாம் சொல்லலாகாது. அவ்வாறு சொல்லப்பட்ட தொழிலுக்கு அவர்கள் ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். பதிவு செய்ய மாட்டார்கள். கேட்க வேண்டிய விலையையும் கேட்க மாட்டார்கள். ஆறு கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயினவென்றால், ஆறு இணையதளம் விற்க ஓராண்டு கொடுப்பது மிகையாகாது. அந்த ஓராண்டுக்கு வீட்டில் ஓர் அறையும், கணக்கு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும், மாலையில் பொறுமையாகக் கேட்க ஒரு செவியும் நம்மால் கொடுக்க இயலும்.